இருட்டு கேட்ட செடி

ஜூன் 9

மருமகளுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பார்கள். நலமாக இருக்கத்தானே நீ போனாய், அதனால் கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சமையலறை ஜன்னலில் நீ விட்டுப்போன குண்டு இலைச் செடி சரியில்லை. கலஞ்சோவோ என்னமோ ஒரு பெயர் சொன்னாய், எனக்கு வாயில் நுழையவில்லை. காலையும் மாலையும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறேன். ஒரு வேளைகூடத் தவறியதில்லை. அந்தப் பழைய மண்தொட்டி ரொம்பச் சின்னது, அடியில் ஓட்டை வேறு. ஊற்றிய தண்ணீரெல்லாம் வீணாக வழிகிறதே என்று, நல்ல கனமான பிஸ்கட் டப்பாவில் மாற்றி வைத்தேன். இவ்வளவு பார்த்தும் இலை மஞ்சளாகிறது. தொட்டால் கையோடு வருகிறது. அடித்தண்டு அழுகின வாழைப்பழம் மாதிரி கொழகொழவென்று இருக்கிறது.

போனில் கேட்டிருக்கலாம். போன் என்றால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். காகிதத்தில் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதலாம். இந்தக் கடிதத்திலேயே மூன்று இடத்தில் அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

என் பையன் உனக்கு வாங்கிக் கொடுத்த செடி. அவனே கண்ணை மூடிவிட்டான், இது இருந்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடலாம். ஆனால் மாமனார் கையில் விட்டேன், கொன்றுவிட்டார் என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது.

மாமா


ஜூன் 18

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்த்தேன். திட்டாதீர்கள். ஒன்றும் தெரியவில்லை, நன்றாகவே அடித்திருக்கிறீர்கள்.

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். இலை குண்டாக இருப்பதே தண்ணீரைச் சேர்த்து வைத்திருப்பதால்தான். அதற்குப் பசியைவிட அஜீரணம்தான் ஆபத்து. மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள், உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அந்த ஓட்டை வேண்டும் மாமா. மிச்சத் தண்ணீர் போக வழி இல்லாமல்தான் வேர் அழுகியிருக்கிறது.

இப்போது மேலே கெட்டியாக இருக்கும் ஒரு கிளையை வெட்டி எடுங்கள். உடனே நடாதீர்கள். வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டும்வரை நிழலில் சும்மா போட்டு வையுங்கள். பிறகு மணல் கலந்த மண்ணில் வைத்தால் பிழைத்துவிடும்.

பஸ்ஸில் உடைந்துவிடும், அதனால் விட்டுப் போகிறேன் என்று அன்றைக்குச் சொன்னேன். அது உண்மையில்லை. உங்களைத் தனியாக விட்டுப் போகிறோமே என்று மனசு அரித்தது. ஏதாவது ஒரு வேலையை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனால் நான் போனது கொஞ்சம் சின்னதாகத் தெரியும் என்று நினைத்தேன். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை வெளியூரில் திறந்த புதுக் கிளைக்கு யாராவது போக வேண்டும் என்றபோது, நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். அதையும் உங்களிடம் சொல்லவில்லை.

சாப்பாடு என்ன செய்கிறீர்கள்? மாடி வீட்டுத் தையல்கார அக்கா பார்த்துக்கொள்கிறேன் என்றார்கள். வெட்கப்படாமல் வாங்கிச் சாப்பிடுங்கள்.

உங்கள் மருமகள்


ஜூலை 30

மருமகளுக்கு,

செடி பிழைத்துவிட்டது. வெட்டிய கிளையை மண்ணில் வைக்காமல் நாள்கணக்கில் அலமாரி மேல் போட்டு வைப்பதைப் பார்த்துத் தையல்காரம்மா சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று, நீ எழுதியபடிதான் செய்தேன். இப்போது இரண்டு புது இலை விட்டிருக்கிறது. அவள் சும்மா இல்லாமல் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

விரலை விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். முப்பத்து மூன்று வருஷம் ஊரில் உள்ள கரண்ட் மீட்டரையெல்லாம் எட்டிப் பார்த்து ரீடிங் எடுத்தவனுக்கு, கடைசியில் ஒரு தொட்டிக்குள் விரலை விட்டு ரீடிங் எடுக்கிற உத்தியோகம்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. தையல்காரம்மா உப்பு போடுவதில்லை, மற்றபடி நல்லவள்.

நீ கையைத் தூக்கினாய் என்பது எனக்கு அப்போதே தெரியும். உன் கடை முதலாளியே கடைவீதியில் பார்த்துச் சொன்னார். அதனால்தான் நீ கிளம்பிய அன்று வாசலில் வைத்து அப்படிப் பேசிவிட்டேன். பேசியது சரி என்று சொல்ல வரவில்லை. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி அவன் போய் ஒரு வருஷம். வருவாய்தானே, மிச்சத்தை அப்போது பேசிக்கொள்ளலாம்.

மாமா


ஆகஸ்ட் 14

மாமாவுக்கு,

நான் வரவில்லை. நீங்கள் சமைக்கச் சொல்லி வைத்துக் காத்திருந்திருப்பீர்கள். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

லீவு கிடைக்கவில்லை என்று எழுதலாம், நீங்களும் நம்புவீர்கள். டிக்கெட் எடுத்து, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன் மாமா. வண்டி கிளம்பும் நேரத்தில் இறங்கிவிட்டேன். அந்த வீட்டுக்குள் வந்தால் அவர் இல்லாததை மறுபடியும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். இங்கே அவர் எப்போதும் இருந்ததில்லை, அதனால் இங்கே அவரைக் காணோம் என்று தோன்றுவதில்லை. எவ்வளவு சுயநலம் பாருங்கள். அதே வீட்டில்தான் நீங்கள் தினமும் எழுந்திருக்கிறீர்கள்.

செடிக்குக் காலை வெயில் போதும். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வரும்.

என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் போடுங்கள்.

உங்கள் மருமகள்


டிசம்பர் 3

மருமகளுக்கு,

நடுவில் நீ போட்ட கடிதமெல்லாம் வந்தது. பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன். அவன் நினைவு நாளன்றைக்கு நான்கு பேருக்குச் சாப்பாட்டு இலை போட்டு, உன் இலையை மட்டும் எடுத்து மடித்து வைத்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அது இன்னும் கேவலமாக இருந்தது.

இப்போதும் செடிக்காகத்தான் எழுதுகிறேன். காலை வெயில் காட்டினேன். கிள்ளச் சொன்னாய், கிள்ளினேன். கடையில் கேட்டு ஒரு சிட்டிகை உரம் போட்டேன். புதர் மாதிரி தளதளவென்று நிற்கிறது. ஆனால் மொட்டு என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை.

இதே செடியிலிருந்து ஒரு துண்டு வாங்கிப் போனாளே தையல்காரம்மா, அவள் வீட்டு மொட்டைமாடியில் கேட்பாரற்று ஒரு பெயின்ட் டப்பாவில் கிடக்கிறது. உரம் கிடையாது, கிள்ளல் கிடையாது, நினைத்தால் தண்ணீர். கொத்துக் கொத்தாக மொட்டு. நேற்று என்னை மாடிக்குக் கூப்பிட்டு, "வந்து பாருங்கண்ணே, உங்க வீட்டுப் பொண்ணு எங்க வீட்டுல எப்படிச் செழிப்பா இருக்கான்னு" என்றாள். செடியைத்தான் சொன்னாள். எனக்கு மூஞ்சியில் அறைந்தது போல் ஆகிவிட்டது.

என் வீட்டில் என்ன குறை? அதைச் சொல்.

மாமா


டிசம்பர் 12

மாமாவுக்கு,

நீங்கள் இனிமேல் எழுதவே மாட்டீர்கள் என்று நினைத்திருந்தேன். உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கடையில் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். கண் பரிசோதனைக்கு வந்த ஒருவர் பயந்துபோய், சொட்டு மருந்து அவ்வளவு எரியுமா என்று கேட்டார்.

அந்த இலையை உங்களை மடிக்க வைத்தது நான்தான். தப்பு என்னுடையது.

செடி விஷயத்தை இங்கே நர்சரியில் கேட்டேன். அது பூக்க வெயில் மட்டும் போதாதாம், இருட்டும் வேண்டுமாம். பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை ஒரே இருட்டாக, நடுவில் வெளிச்சமே படாமல் ஒன்றரை மாதமாவது இருந்தால்தான் மொட்டு வைக்குமாம். இடையில் ஒரு பல்பு எரிந்தாலும் இன்னும் பகல்தான் என்று நினைத்துக்கொள்ளுமாம். மொட்டைமாடி இருட்டு, அதனால் அக்கா வீட்டில் பூத்துவிட்டது.

ஆனால் இந்தக் காரணம் நம் வீட்டுக்குப் பொருந்தாதே. உங்கள் வீட்டில் யாரால் விளக்கை வீணாக எரியவிட முடியும்? நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்து சுவிட்சை அணைத்துவிட்டு, "யாரும் இருக்கிற மாதிரித் தெரியலையே" என்பீர்களே. தெருவிளக்கு ஏதாவது புதிதாகப் போட்டிருக்கிறார்களா, பாருங்கள்.

உங்கள் மருமகள்


டிசம்பர் 20

மருமகளுக்கு,

தெருவிளக்கு இல்லை.

சமையலறை விளக்கு எரிகிறது. ராத்திரி முழுக்க. நீ போன அன்றைக்கு அணைக்காமல் விட்டேன், அப்படியே பழகிவிட்டது. பயம் என்று நினைத்துக்கொள்ளாதே. நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. அணைத்துவிட்டுப் படுத்தால் வீடு ரொம்பப் பெரிதாகிவிடுகிறது. வெளிச்சம் இருந்தால், உள்ளே யாரோ வேலையாக இருக்கிறார்கள் என்று தோன்றுகிறது, தூக்கம் வருகிறது. என் பையன் பரீட்சைக்குப் படிக்கும்போதுகூட, பல்பு சூடாகிறது பார் என்று அணைத்தவன் நான். இருட்டில் கால் இடித்துக்கொண்டு எத்தனை தரம் நடந்திருப்பான். அது இப்போது ஞாபகம் வருகிறது, ஞாபகம் வந்து என்ன பிரயோஜனம்.

விளக்கை அணைக்க என்னால் முடியாது. அதனால் செடியை நீயும் அவனும் இருந்த அறையில் வைக்கிறேன். பொழுது சாய்ந்ததும் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்துகிறேன், விடிந்ததும் ஜன்னலுக்குக் கொண்டுவருகிறேன். நீ போனதிலிருந்து அந்த அறையை நான் திறக்கவே இல்லை. முதல் நாள் கதவு ஈரத்தில் உப்பி மாட்டிக்கொண்டது. தோளால் இடித்துத் திறந்தேன். உன் பக்கத்து அலமாரி காலி. அவன் பக்கத்தில் ஒரு சட்டைகூட நீ தொடவில்லை, இஸ்திரி மடிப்போடு இருக்கிறது. அதைப் பார்த்தபிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ கிளம்பிய அன்று வாசலில், "அவன் போய் ஒரு வருஷம்கூட ஆகல, நீ அழுததெல்லாம் ஊருக்காகத்தானா?" என்று கேட்டேன். ஆட்டோக்காரன் முன்னால் கேட்டேன். அவன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். உன் அழுகையை அடுத்த அறையில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு ராத்திரியும் கேட்டவன் நான். தெரிந்தேதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். நீ நின்று சண்டை போடுவாய், வண்டி போய்விடும் என்று நினைத்தேன். நீ ஒன்றும் சொல்லாமல் ஏறிவிட்டாய்.

மன்னித்துக்கொள் என்று எழுதி இரண்டு தரம் அடித்துவிட்டேன். இந்தத் தரம் அடிக்கவில்லை. மன்னித்துக்கொள்.

மாமா


ஜனவரி 6

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியவில்லை. நீங்கள் மன்னிப்புக் கேட்டதும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். மாறாக, உடம்பெல்லாம் கூசிவிட்டது. ஏனென்றால் அதே நேரத்தில் உங்களிடம் ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கடை இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும். அதைச் சரிசெய்ய ஒரு மெக்கானிக் வருவார். அவர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே ஊரெல்லாம் தேடுகிற ஆள். அப்படித் தேடிக்கொண்டு எங்கள் கடைக்குள் வந்துதான் பழக்கமானார். அவசரப்படவில்லை மாமா, அவரும் அவசரப்படுத்தவில்லை. உங்கள் பையனைப் பற்றி எல்லாம் சொல்லியிருக்கிறேன். நான் நடுவில் பேச்சை நிறுத்திவிட்டால் அவர் எதுவும் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருப்பார். அதுதான் எனக்குப் பிடித்தது.

மார்ச் கடைசியில் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம்.

ஊருக்காகத்தான் அழுதேனா என்று அன்று கேட்டீர்களே, இப்போது அது உண்மை என்று ஆகிவிட்டதோ என்று இருக்கிறது. இல்லை மாமா. இன்றைக்கும் உங்கள் பையன் சட்டையை மடித்த ஞாபகம் வந்தால் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு அழுகிறேன். இதுவும் அதுவும் ஒரே மனசில்தான் இருக்கிறது, எப்படி என்று எனக்கே விளங்கவில்லை. சரி என்று நீங்கள் சொல்ல வேண்டும் என்று கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியாமல் செய்ய மனசு வரவில்லை.

உங்கள் மருமகள்


ஜனவரி 15

செடி செத்துவிட்டது. இனி எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை.


ஜனவரி 24

மாமாவுக்கு,

எப்படிச் செத்தது என்று கேட்கப் போவதில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

இவ்வளவு நாள் அதைத் தூக்கிக்கொண்டு அறைக்கும் ஜன்னலுக்கும் நடந்தீர்களே, அதற்கு நன்றி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தையல்கார அக்காவிடம் உப்பு போடச் சொல்லாதீர்கள், டாக்டர் வேண்டாம் என்றதால் நான்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

இனி தொந்தரவு செய்ய மாட்டேன்.


பிப்ரவரி 20

மருமகளுக்கு,

செடி சாகவில்லை. பொய் எழுதினேன்.

உன் கல்யாணச் செய்தி வந்த அன்று சாயங்காலம் அதை அறையில் கொண்டுபோய் வைக்கவில்லை. சமையலறை விளக்குக்கு நேர் கீழே வைத்தேன். எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ குடி, பூக்காமலே போ என்று. பெரிய மனுஷன் செய்கிற காரியமா இது. செடியைப் பழிவாங்கிவிட்டுப் போய்ப் படுத்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே விட்டேன். அதற்குள் உனக்கு அந்த வரியை எழுதித் தபாலில் சேர்த்தும் விட்டேன். பெட்டிக்குள் போட்ட கையோடு திரும்ப எடுக்க முடியுமா என்று தபால்காரரிடம் கேட்டேன். "போட்டது போட்டதுதாங்க" என்றார்.

அப்புறம் உன் கடிதம் வந்தது. அதில் நீ என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உப்பைப் பற்றி எழுதியிருந்தாய். இத்தனை மாதம் அந்தம்மாவின் சமையலைக் கேலி செய்தேன். அது உன் வேலை என்று தெரிந்ததும் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அந்தம்மா பயந்துவிட்டாள். "என்னண்ணே, காரம் அதிகமா?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலமே செடியை மறுபடி அறையில் வைத்தேன். இடையில் நான் கெடுத்தும்கூட, இப்போது இலை நடுவில் பச்சையாகச் சின்னச் சின்ன மணி தெரிகிறது. மொட்டுதான், தையல்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டி உறுதி செய்துகொண்டேன்.

நீ கல்யாணம் செய்துகொள்வதில் எனக்குக் கோபமில்லை என்று எழுத மாட்டேன், இருக்கிறது. உன்மேல் இல்லை. என் பையன் இருக்க வேண்டிய இடம் அது. அந்த லிஃப்ட்காரர் என்ன செய்வார், பாவம். நீ காலமெல்லாம் அந்த மூடின அறைக்குள் கிடந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். சந்தோஷப்பட்டிருப்பேன். அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் வரட்டுமா? கையெழுத்துப் போடும்போது ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். ஒன்றுதான் எனக்கு யோசனை. அவர்கள் வீட்டு மனிதர்கள் இருப்பார்கள். நான் யார் என்று கேட்டால் என்ன சொல்லுவாய்? உனக்குச் சங்கடமில்லாமல் ஒன்றை முடிவு செய்து எழுது. தூரத்துச் சொந்தம் என்றாலும் சரி, பழைய வீட்டுக்காரர் என்றாலும் சரி. நீ சொல்வதையே நானும் சொல்லிவிடுகிறேன்.

மாமா


மார்ச் 1

மாமாவுக்கு,

நீங்கள் பொய் சொன்னது ஒரு செடியைப் பற்றித்தான். நான் செய்ததைக் கேளுங்கள்.

உங்கள் இரண்டு வரிக் கடிதம் வந்த வாரம், நான் கட்டிக்கொள்ளப் போகிறவரின் அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு யார் யாரெல்லாம் வருவார்கள் என்று பேச்சு வந்தது. "அந்தப் பக்கம் உன் மாமனார் ஒருத்தர் இருக்காராமே, வருவாராம்மா?" என்று கேட்டார்கள். வரமாட்டேன் என்றுவிட்டார் என்று சொன்னால் உங்களைத் தப்பாக நினைப்பார்கள், என்னையும் தப்பாக நினைப்பார்கள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன் மாமா.

அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்தடுத்து இரண்டு சாவைத் தாங்கியிருக்கிறாயே என்றார்கள். பிறகு போகும்போதெல்லாம் உங்களைப் பற்றி விசாரிப்பார்கள். எப்படிப்பட்டவர், கடைசியில் கஷ்டப்பட்டாரா என்று. ரொம்பக் கோபக்காரர், ஆனால் நல்லவர் என்று அழுதுகொண்டே சொன்னேன். அழுகை மட்டும் பொய்யில்லை. அவர்கள் மகனுக்கும் இது பொய் என்று தெரியாது, அவரும் உங்களுக்காக வருத்தப்பட்டார்.

உங்கள் கடிதம் வந்தது. என்னை யார் என்று சொல்லுவாய் என்று நீங்கள் கேட்டிருந்த இடத்துக்குமேல் என்னால் உடனே படிக்க முடியவில்லை, மிச்சத்தை மறுநாள்தான் படித்தேன். உயிரோடு இருக்கிற உங்களைப் புதைத்துவிட்டு நான் புடவை எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன்.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர், அவர் அம்மா, இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும் என்றுதான் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மாதான், "இன்னும் யாரையெல்லாம் சாகடிச்சிருக்கே, இப்பவே சொல்லிடு" என்றார்கள். வேறு யாரும் இல்லை என்றேன். அப்புறம், "அவருக்கு முட்டிவலி இருக்கா? எங்க வீடு மூணாவது மாடி. ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்க்கிறான், எங்க கட்டடத்துல அது கிடையாது" என்றார்கள். கல்யாணம் நிற்கவில்லை. நீங்கள் அந்த வீட்டில்தான் தங்க வேண்டுமாம்.

ஆனால் அவர்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேருக்குச் செய்தி போய்விட்டது. பொண்ணுக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் இல்லை, மாமனாரும் போய்விட்டார் என்று. ஒவ்வொருவரிடமும் போய் அது பொய் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை மாமா. தூரத்துச் சொந்தம் வேண்டாம், வீட்டுக்காரர் வேண்டாம், ஓரமும் வேண்டாம். முன்வரிசையில் என் பக்கத்தில் உட்காருங்கள். கேட்கிறவர்களுக்கெல்லாம் என் மாமனார் என்று சொல்கிறேன். செத்தவர் ஆயிற்றே என்று அவர்கள் முழிப்பார்கள். அந்த வெட்கத்தை நான் உங்கள் முன்னால் படத்தான் வேண்டும்.

உங்கள் மருமகள்